தரிசு நிலத்துலதானே காத்தாடி, சோலார் எல்லாம் வைக்கிறாங்க, அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

கேள்வியில இருக்குற அந்த 'தரிசு'ங்கிற வார்த்தைக்காகத்தான் எழுதுறேன். நீங்க ஜியாக்ரபி படிக்கிறவரா இருப்பீங்கன்னு நினைக்கேன்.

எனக்கு செங்கோட்டை பக்கம், புளியரை தாண்டுனா கேரளா. ஆனி ஆடியில கணவாய்க் காத்து கூரை ஓட்டையே தூக்கும், அதுக்காகத்தான் எங்க பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி வந்துச்சு. ஊருக்குக் கிழக்க ஒரு உடங்காடு, அதாவது உடைமரக் காடு, அடங்கல்ல, அதான் விஏஓ வச்சிருக்குற நிலக் கணக்குல, தரிசு, பட்டா வெளியூர்க்காரர் பேருல, ஆனா தாத்தா முப்பது வருசமா வெள்ளாடு மேச்சது அங்கதான். தொரட்டிய மாட்டிக் கொப்ப உலுக்குனா நெத்து சடசடன்னு விழும், ஆடு அத நொறுக்குற சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. கோடையில வேற தீனி கிடையாது. பட்டாக்காரரு காத்தாடிக்காரங்களுக்கு நல்ல விலைக்கு வித்துட்டாரு, அது அவரு உரிமை, தப்பே சொல்லல. சுத்தி வேலி போட்டாங்க, வாட்ச்மேன் ஆட்ட உள்ள விடல. மேய்ச்சலுக்கு ஏது காயிதம், யார்கிட்ட போயி நட்டஈடு கேக்க? அடுத்த வருசம் பாம்புக்கோவில் சந்தையில 38 உருப்படியையும் ஒரே நாள்ல வித்துட்டு, பஸ்ஸுல திரும்பி வரும்போது தாத்தா ஒரு வார்த்தை பேசல.

ஜெனிபர் பேக்கான்னு ஒரு அமெரிக்கப் புவியியலாளர் சாத்தூர் பக்கம் இதத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. தரிசுல காட்டாமணக்கு போட்டு பயோடீசல் எடுக்கலாம்னு அரசு சொன்ன காலம், 2009 கொள்கையில 2017க்குள்ள டீசல்ல 20 சதவீதம் கலக்கணும்னு இலக்கே இருந்துச்சு. போயிப் பாத்தா அந்த நிலத்துல ஏற்கனவே சீமைக்கருவேல விறகு அடுப்புக்கும் ஆலைக்கும் போயிட்டிருக்கு, காட்டாமணக்கு தரப்போற எரிசக்திய விட அதுலதான் அதிகம். வெள்ளக்காரன் வரி வராத நிலத்துக்கு வச்ச 'வேஸ்ட்லேண்ட்', அதாவது தரிசுங்கிற பேர நாம இன்னும் மாத்தல, அந்தப் பேரு இருந்தா வாங்குறது சுளுவு.

உடனே 'அப்போ நிலக்கரியே எரிக்கவா, சீமைக்கருவேலம் தண்ணிய உறிஞ்சுதே'ன்னு சண்டைக்கு வராதீங்க. அத வெட்டச் சொல்லி 2017ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டதும் தெரியும். முப்பந்தல் காத்தாடியப் பாத்தா எனக்கும் பெருமைதான், எங்கண்ணன் வேலை பாக்குறதே ஒரு காத்தாடிக் கம்பெனியிலதான். மேச்சவங்களையும் விறகு எடுத்தவங்களையும் கணக்குல சேருங்கன்னுதான் கேக்கேன்.

 

நீங்க ஃபீல்டுக்குப் போனா விஏஓகிட்ட அடங்கல் மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க, பொழுது சாயுற நேரம் ஆடு பத்திட்டு வர்றவங்க கூட கொஞ்ச தூரம் நடந்து பாருங்க.