இதுவரை ஒன்றும் ஆகாத சைக்கிளுக்கு ரீகால் வந்தால் கண்டுகொள்ள வேண்டுமா?

கட்டாயம். ரீகால் என்றால், விற்ற பொருளில் பழுது இருக்கிறது என்று கம்பெனியே அதைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது. தினமும் ஓட்டுகிறவராகத்தான் இருப்பீர்கள், அதனால்தான் இந்த அலட்சியம். எனக்கும் இருந்தது.

2015-ல் நியூ ஜெர்சியில் இருந்தேன். அலுவலகத்துக்கு ஏழு மைல், சைக்கிள்தான். அந்த ஏப்ரலில் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 9 லட்சம் சைக்கிள்களுக்கு ரீகால் அறிவித்தது. முன்சக்கரத்தின் குயிக் ரிலீஸ் லீவர், அதாவது கருவி இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நெம்புகோல், சரியாக மூடாமல் இருந்தால், 180 டிகிரிக்கு மேல் திறந்து, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில் மாட்டிக்கொள்ளும். சக்கரம் சட்டென்று நின்றுவிடும், இல்லையென்றால் கழன்றுவிடும். ஒருவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்துபோயின. என்னுடையது வேறு கம்பெனி என்று சும்மா இருந்துவிட்டேன். செப்டம்பரில் இன்னும் 13 கம்பெனிகள் சேர்ந்து 13 லட்சம் சைக்கிள்களுக்கு அறிவித்தன. அதில் என்னுடையதும் இருந்தது.

லீவரை முழுக்கத் திறந்தால் டிஸ்குக்கும் அதற்கும் நடுவே 6 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்றார்கள். 6 எம்எம் அலென் கீயை (அறுகோணத் திருகு சாவியை) நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. லீவரை விரலால் லேசாகத் தள்ளினேன். அதன் முனை டிஸ்கின் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சக்கரத்தைச் சுற்றினேன், டக்கென்று நின்றது. முந்தின ஞாயிறுதான் மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போய்வந்திருந்தேன்.

பக்கத்துக் கடையில் பில் கேட்டார்கள். நண்பரிடம் பழையதாக வாங்கியது, பில்லுக்கு எங்கே போவது? கைவிரித்துவிட்டார்கள். கம்பெனிக்கே போன் செய்தேன். அவர்கள் சீரியல் நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டு வேறொரு கடைக்கு அனுப்பினார்கள். இலவசமாகப் புது லீவர் மாட்டிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை.

"ஒழுங்காக இறுக்கினால் ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் இறுக்கத் தெரியும். ஆனால் வெளியே நிறுத்திய வண்டியில் யார் கை வைத்தார்கள் என்று எப்படித் தெரியும்? எங்கள் அலுவலகத்தில் காருக்கு நானூறு இடம். சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு கேட்டு மூன்று வருஷம் மெயில் அனுப்பினேன், பதிலே இல்லை. குப்பைத்தொட்டிப் பக்கத்து வேலியில் கட்டிவைப்பேன், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடித்துவிட்டுப் போவார்கள். சைக்கிளில் வருகிறவன் கார் வாங்க வக்கில்லாதவன் என்ற நினைப்பு அங்கேயும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், ஃபிரேமிலேயே சீரியல் நம்பர் பொறித்திருக்கும். போட்டோ எடுத்து நேராகக் கம்பெனியிடமே பேசுங்கள். பழுது நீங்கும்வரை ஓட்டவும் வேண்டாம், அடுத்தவர் தலையில் கட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் ரீகால் ஆன பொருளை அப்படியே விற்பது சட்டவிரோதம்.