நீங்கள் வசிக்கும் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் வெளியே யாருக்கும் தெரியாத ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

பாட் ஸ்பிலேன்.

நான் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கெரி கவுண்டியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. வந்த புதிதில் எனக்கு ஸ்பிலேன் என்றால் டிவியில் ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் பேசும் வழுக்கைத் தலைப் பெரியவர், அவ்வளவுதான். மேட்ச் முடிந்ததும் மூன்று பேர் உட்கார்ந்து அலசுவார்களே, அதில் ஒருவர். யாரையும் விட்டுவைக்க மாட்டார். என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சல். ஆனாலும் சேனலை மாற்ற மாட்டார்கள். "இவர் யார், இவ்வளவு பேசுகிறாரே, ஆடியிருக்கிறாரா?" என்று ஒருநாள் கேன்டீனில் கேட்டுவிட்டேன். மேஜையே அமைதியாகிவிட்டது. நம் ஊரில் போய் கபில்தேவ் கிரிக்கெட் ஆடுவாரா என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள், அப்படிப் பார்த்தார்கள்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கேலிக் ஃபுட்பால். ஒரு அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது. அதற்குள் தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே கால் நுனியில் போட்டு மறுபடி கைக்கே எத்திக்கொள்ள வேண்டும். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அதற்கு 3 புள்ளி. ஸ்கோரை 2-12 என்று எழுதுவார்கள்: 2 கோல், 12 புள்ளி, ஆக மொத்தம் 18. சமீபத்தில் தூரத்திலிருந்து அடித்தால் 2 புள்ளி என்று விதி மாற்றியிருக்கிறார்கள். ஸ்பிலேன் காலத்தில் அதெல்லாம் இல்லை.

இதில் சம்பளம் கிடையாது. ஏலம் கிடையாது. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கும், அந்தக் கவுண்டிக்கும்தான் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை டப்ளினில் குரோக் பார்க்கில் 80 ஆயிரம் பேர் முன்னால் ஆடியவர் அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். ஸ்பிலேனும் வாத்தியார்தான்.

அவருடைய ஊர் டெம்பிள்நோ, கென்மேர் பக்கத்தில் கடலோரமாக இருக்கிறது. நான் காரில் போயிருக்கிறேன். ஊர் வந்தது தெரிவதற்குள் ஊர் முடிந்துவிடும். ரோட்டோரம் ஸ்பிலேன் குடும்பத்தின் பார், ஒரு மைதானம், சில வீடுகள். இங்கிருந்து ஒரே குடும்பத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் கெரி அணிக்குப் போனார்கள். மூத்தவர் பாட், முன்வரிசை. மிக், தடுப்பாட்டம். டாம், தடுப்பின் நடுவில். 1984, 85, 86 மூன்று வருடமும் மூவரும் ஒன்றாகவே, கவுண்டிகள் வருடாவருடம் மோதும் அகில அயர்லாந்துப் பட்டத்தின் இறுதிப் போட்டி ஆடி மூன்றையும் ஜெயித்தார்கள். பட்டத்துக்கு ஒன்று என்று பாட் கையில் 8 பதக்கம், மிக்கிடம் 7, டாமிடம் 4. மொத்தம் 19. அகில அயர்லாந்துப் பட்டத்தை ஒரு முறைகூடத் தொடாத கவுண்டிகள் இங்கே எத்தனையோ இருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட் ஸ்பிலேனின் பட்டக் கணக்கு தொடங்குவது 1975-ல். அந்த வருடம் மிக் ஓ'ட்வயர் என்ற பயிற்சியாளர் கெரி அணியைப் பொறுப்பெடுத்து, சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு ஓட விட்டார். ஓட்டம் என்றால் சாதாரண ஓட்டம் இல்லை. அந்த அணிக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார்கள். இறுதிப் போட்டியில் டப்ளினை 2-12க்கு 0-11 என்று சாய்த்தார்கள். கேப்டன் மிக்கி நெட் ஓ'சல்லிவன் பாதி ஆட்டத்தில் மோதி நினைவிழந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கோப்பையை வாங்க ஆள் வேண்டும். மேடையேறி அந்தக் கோப்பையை, சாம் மகுவயர் என்று அதற்குப் பெயர், வாங்கியது 19 வயது பாட் ஸ்பிலேன்.

பிறகு 1978 முதல் 1981 வரை தொடர்ந்து நாலு பட்டம். 1978-ல் டப்ளினை 5-11க்கு 0-9 என்று நொறுக்கியது இன்னும் இங்கே பேச்சு. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது ஸ்பிலேனுக்கு.

அவருடைய ஆட்டம் அழகானதா என்று கேட்டால், பழைய வீடியோக்களைப் பார்த்த வரையில் என் பதில்: இல்லை. அதே அணியில் மைக்கி ஷீஹி இருந்தார். அவர் காலில் பந்து பட்டாலே ஒரு நளினம். ஸ்பிலேனிடம் அது கிடையாது. அவரிடம் இருந்தது ஓட்டம். அந்தக் காலத்தில் முன்வரிசைக்காரன் என்றால் தன் இடத்தில் நின்று, தன்னைக் காவல் காப்பவனோடு மல்லுக்கட்டிக்கொண்டு, பந்து வரும்வரை காத்திருப்பான். இவர் 12-ம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு இடது பக்கம் நிற்க வேண்டியவர். ஆனால் தன் அணியின் தடுப்பு வரிசை வரை இறங்கிவந்து பந்தைப் பிடுங்கி, அங்கிருந்து கிளம்பி எதிர்க் கோலுக்கே போய் அடிப்பார். காவலுக்கு நின்றவன் கூடவே ஓடுவதா, இடத்தில் நிற்பதா என்று முழிப்பான்.

(இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2003 அரையிறுதியில் டைரோன் அணி கூட்டமாக இறங்கி வந்து கெரியை மூச்சுவிட விடாமல் நெருக்கி ஜெயித்தபோது, டிவியில் உட்கார்ந்து அதை "வாந்தி ஃபுட்பால்" என்று சொன்னவர் இதே ஸ்பிலேன்தான். அந்த வார்த்தை இன்றுவரை அவரை விடவில்லை. ஆனால் முன்வரிசைக்காரன் தன் கோல் வரைக்கும் இறங்கிவந்து வேலை செய்யலாம் என்று இருபத்தைந்து வருடம் முன்பே காட்டியவர்களில் அவரும் ஒருவர். இதை ஒரு டைரோன்காரரிடம் சொன்னேன். அன்றைக்கு டீ அவர் செலவு.)

இனி என் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அவர் மீது மரியாதை வந்தது இங்கேதான்.

1981-ல் அவருடைய முழங்காலில் க்ரூசியேட் லிகமென்ட் கிழிந்தது. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஒரு ஜவ்வு அது. தொடை எலும்பின் கீழே கெண்டைக்கால் எலும்பு முன்னே நழுவாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதன் வேலை. இது கிழிந்த ஆள் நேராக நடப்பார், படி ஏறுவார், வீக்கம் வடிந்ததும் "சரியாப் போச்சு" என்பார். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதுதான் கால் தன்னை விட்டுவிடும். பந்தோடு ஓடித் திரும்புவதே பிழைப்பாக இருந்த ஒருவருக்கு இதைவிடக் கெட்ட இடத்தில் அடிபட முடியாது. அந்த வருட இறுதிப் போட்டியில் ஆஃபலி அணிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் மட்டும் அவரை உள்ளே இறக்கினார்கள்.

இன்றைக்கு என்னிடம் இதே காயத்தோடு பதினேழு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்கேன், தொடைத் தசைநாரிலிருந்து எடுத்த ஒட்டு, சிறு துளை வழி அறுவை, ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மைதானம். எந்த வாரம் என்ன பயிற்சி என்று அச்சடித்த தாளே வைத்திருக்கிறோம். 1981-ல் இதில் எதுவும் கையெட்டும் தூரத்தில் இல்லை. அன்று அந்தக் காயம் என்றால் ஆட்டம் முடிந்தது என்றுதான் அர்த்தம். ஸ்பிலேன் இங்கிலாந்து போய் அறுவை செய்துகொண்டு வந்தார். 25, 26, 27 வயது, ஒரு ஓட்டக்காரனின் நல்ல வயதெல்லாம், முழங்காலோடு மல்லுக்கட்டியே போனது. 1982-ல் கெரி தொடர்ச்சியான ஐந்தாவது பட்டத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆஃபலியின் சீமஸ் டார்பி ஒரு கோல் அடித்து எல்லாவற்றையும் கவிழ்த்தார். 'ஐந்து தொடர்ச்சி' என்று பனியன் எல்லாம் அச்சடித்து வைத்திருந்தார்களாம். 1983-ல் கெரி தன் மாகாணமான மன்ஸ்டரின் போட்டியையே தாண்டவில்லை.

1984-ல் திரும்பி வந்தார். திரும்பி வந்து மூன்று பட்டம். 1986 இறுதிப் போட்டியை மட்டும் யாராவது தேடிப் பாருங்கள். எதிரணி டைரோன், அவர்களுக்கு அதுதான் முதல் இறுதிப் போட்டி. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டைரோன் 7 புள்ளி முன்னிலை. கெரிக்காரர்களில் பலர் முப்பதைத் தொட்டவர்கள், கதை முடிந்தது என்றே தோன்றும். அப்போது ஸ்பிலேன் பாய்ந்து கையால் தட்டி ஒரு கோல் போடுகிறார். அந்தரத்தில் கிடைமட்டமாக இருப்பார். நான் பார்த்தது கோலை அல்ல, தரையில் விழுந்த பிறகு அவர் எழுந்த விதத்தை. அந்தக் காலை ஊன்றி, தயக்கமே இல்லாமல் எழுந்து ஓடுகிறார். கெரி 2-15, டைரோன் 1-10. ஆண்டின் சிறந்த வீரர் மறுபடி அவரே, எட்டு வருடம் கழித்து. அந்தந்த ஆண்டின் சிறந்த பதினைந்து பேருக்குக் கொடுக்கும் ஆல் ஸ்டார் விருது மொத்தம் 9. 1991-ல் ஓய்வு. 1999-ல் ஆயிரமாண்டின் சிறந்த அணி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 12-ம் நம்பர் அவருக்கே போனது.

8 பதக்கம் என்பது நெடுங்காலம் உச்சம். அதே கெரி அணியில் இன்னும் நாலு பேரிடம் எட்டு இருந்தது. 2023-ல் டப்ளின்காரர்கள் மூவர் ஒன்பதாக்கிவிட்டார்கள். அதைப் பற்றி இங்கே பேசுவதில்லை.

இப்போது 2022 ஜூலை 24. கெரியும் கால்வேயும் இறுதிப் போட்டி. வார்டு டிவியைச் சுற்றிக் கூட்டம். என் பக்கத்தில் இடுப்பு மாற்று அறுவை முடிந்த எண்பது வயதுப் பெரியவர், கில்லார்னிக்காரர். அன்று நான் அவரை இரண்டு சுற்று நடக்க வைக்க வேண்டும். "கப் வந்த பிறகு பார்க்கலாம்" என்று நகர மறுத்துவிட்டார். கெரி 0-20, கால்வே 0-16. ஜெயித்தாயிற்று. டிவியில் ஸ்பிலேன். முப்பது வருட அலசல் வேலையை முடித்துக்கொள்ளும் நாள் அது. வழக்கமான சத்தத்தை எதிர்பார்த்தோம். மனிதர் பேச ஆரம்பித்துத் தொண்டை அடைத்து நின்றுவிட்டார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். 1964-ல் இதே கெரி, இதே கால்வே, இறுதிப் போட்டி. அவர் அப்பா டாம் ஸ்பிலேன் கெரி அணியின் தேர்வாளர்களில் ஒருவர். கெரி தோற்றது. அப்பாவுக்கு நெஞ்சு வலி. போட்டி ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கிழமை அப்பா இல்லை. அப்போது பாட் ஸ்பிலேனுக்கு எட்டு வயது. மூன்று மகன்கள் ஆடியதையும் பார்க்கவில்லை, 19 பதக்கத்தையும் பார்க்கவில்லை. இன்றைக்கு அவருடைய பேரன்கள் இருவர், அட்ரியனும் கில்லியனும், தம்பி டாமின் பிள்ளைகள், ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள். ஆக 21.

வார்டில் யாரும் பேசவில்லை. அவரைப் பிடிக்காது என்று தினமும் சொல்லும் நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதே 1964 போட்டியில் இன்னொன்றும் நடந்தது என்று பெரியவர்தான் சொன்னார். கால்வே கேப்டன் ஜான் டோனலனின் அப்பா மிக், அவரும் பழைய ஆட்டக்காரர், மகன் ஆடிக்கொண்டிருக்கும்போதே பார்வையாளர் வரிசையில் இறந்துபோனார். மகனுக்குக் கோப்பையை வாங்கிய பிறகே விஷயம் தெரிந்ததாம். ஒரே போட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அப்பா.

நான் பெரியவரைக் கை கொடுத்து எழுப்பி, வாக்கரைப் பிடிக்க வைத்து, முதல் சுற்று நடத்திக்கொண்டு போனேன். பாதி வராந்தாவில் நின்றுவிட்டார். வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். கணக்கு தப்பு என்றார்.

"எது?"

"இருபத்தொண்ணு. அது அப்பா வழி மட்டும்தானே. அவங்க அம்மா யாரு தெரியுமா? எங்க கில்லார்னிப் பொண்ணு. லைன் வீட்டுப் பொண்ணு. அவ அண்ணன் தம்பிங்க ஜாக்கி, டின்னி, மைக்கி மூணு பேரும் கெரிக்கு ஆடினவங்க. 1947-ல நியூயார்க்ல இறுதிப் போட்டி நடந்துச்சே, அயர்லாந்துக்கு வெளிய நடந்த ஒரே இறுதிப் போட்டி, அதுல கெரி கேப்டன் டின்னி லைன். 69, 70-ல கெரி ஜெயிச்சப்ப பயிற்சி கொடுத்தது ஜாக்கி. புருஷன் போனப்புறம் பாரையும் பார்த்துக்கிட்டு அந்தப் பிள்ளைங்கள ஆளாக்கினது யாரு? பந்து அந்த வீட்டுக்கு வந்ததே எங்க பக்கத்துலேர்ந்துதான்."

வாக்கரை ஒரு தட்டுத் தட்டி நகர்த்தினார்.

"மாமன்மாருங்க மெடலையும் சேர்க்கச் சொல்லணும் அவன்கிட்ட."

இரண்டாவது சுற்றையும் என் உதவி இல்லாமலே நடந்து முடித்தார். வழி நெடுக எண்ணிக்கொண்டே வந்தார்.