ஐரோப்பா சப்ளை செயின் சட்டத்தைத் தளர்த்துவது திருப்பூருக்கு நல்லதுதானே?

பையர்கள், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், ஃபேக்டரியைச் சோதிக்க ஆள் அனுப்பும் ஆடிட் தொல்லை குறையும், ஆர்டர் கூடும் என்ற நம்பிக்கையில் கேட்டிருக்கிறீர்கள். நல்லதில்லை என்பதுதான் என் பதில். ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது சட்டமும் பையரும் சொல்லும் விதிகள் நடக்கின்றனவா என்று கவனிக்கும் வேலை பார்க்கிறேன்.

2024-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 1,000 ஊழியர்களையும் 45 கோடி யூரோ விற்றுமுதலையும் தாண்டிய நிறுவனங்கள், தங்களுக்குச் சரக்கு செய்து தரும் இடங்களில் மனித உரிமை மீறலும் சுற்றுச்சூழல் கேடும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் எட்டிய உடன்பாடு அந்த வரம்பை 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று ஏற்றிவிட்டது. அமல் 2029-க்குத் தள்ளிப்போனது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்க ஒன்றியம் முழுக்கப் பொதுவாக வைத்திருந்த வழியை எடுத்துவிட்டதுதான். இனி அந்தந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான்.

அந்த வழி ஏன் முக்கியம்? 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. அந்த ஃபேக்டரி சர்வதேசச் சான்றிதழ் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது! முக்கிய பையர் ஜெர்மனியின் கிக் நிறுவனம். பாதிக்கப்பட்டவர்கள் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரக் கோர்ட்டுக்குப் போனார்கள். பாகிஸ்தான் சட்டப்படி வழக்கு போடும் காலக்கெடு முடிந்துவிட்டது என்று 2019-ல் தள்ளுபடி செய்தார்கள். 2024 சட்டம் குறைந்தது ஐந்து வருடம் அவகாசம் தந்து அடைக்கப் பார்த்தது இந்த ஓட்டையைத்தான்.

ஆடிட் குறையவும் குறையாது. இந்தச் சட்டத்துக்கு முன்பே பையர்கள் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். தேதி தெரிந்ததும் பாத்ரூமுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், எமர்ஜென்சி கதவை மறைத்த அட்டைப்பெட்டிகள் நகரும், ஓவர்டைம் நேரம் வேறு ரிஜிஸ்டருக்குப் போகும். பீஸுக்கு விலையைக் குறைத்து, ஷிப்மென்ட் தேதியையும் முன்னால் இழுக்கும் பையரின் மெயிலை மட்டும் யாரும் ஆடிட் செய்வதில்லை. ராத்திரி ஓவர்டைம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தேவைப்பட்டால் பையர் தன் கொள்முதல் முறையையே மாற்ற வேண்டும் என்று 2024 சட்டம் சொன்னது. வரம்புக்கு வெளியே போய்விட்ட கம்பெனிகளிடம் இந்தச் சட்டத்தைக் காட்டி இனி அதைக் கேட்க முடியாது.

பையர்கள் அனுப்பும் கேள்வித்தாள்களின் சுமை உண்மைதான். ஒரே விவரத்தை ஒவ்வொரு பையருக்கும் ஒவ்வொரு ஃபார்மேட்டில் நிரப்பி நொந்துபோகிறோம். அதற்குப் பொதுவான ஒரு படிவம் கொண்டுவந்தாலே போதும், பொறுப்பைக் கழற்றிவிட வேண்டியதில்லை.

பெண் தொழிலாளிகள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கப் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இப்படியொரு சட்டம் இல்லாமலேயே வரவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வந்தது. 25 தொழிலாளிக்கு ஒரு கண்காணிப்பாளர், அவரும் தொழிலாளிகளில் ஒருவர் என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. ஆனால் 2021 ஜனவரியில் ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டு, தொழிற்சங்கம் ஒரு வருடத்துக்கு மேல் போராடிய பிறகுதான் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என்ற மூன்று வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் 2022-ல் கையெழுத்துப் போட்டன. அதுவும் குறிப்பிட்ட சில யூனிட்டுகளுக்கு மட்டும். பக்கத்து மில்லில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.