போர் வற்றிப்போன 2 ஏக்கர் மேட்டுக்காட்டில், 3 மாட்டுக்கு என்ன தீவனப் புல் போடலாம்?

கொழுக்கட்டைப் புல் போடுங்கள். கோ 4 நேப்பியர் அருமையான புல்தான், ஆனால் அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வானத்தை நம்பியிருக்கிற காட்டுக்கு அது ஒத்துவராது.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். இங்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு என்றால் கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்தது இதில்தான். சித்திரையில் வந்து பார்த்தால் காடே வெளுத்துக் கிடக்கும், புல் செத்துவிட்டது என்றே நினைப்பீர்கள். தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. ஒரு நல்ல மழை பெய்யட்டும், சில நாளில் அதே தூரிலிருந்து பச்சை கிளம்பும்.

விதை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கதிர் அணில் வால் மாதிரி இருக்கும், கையால் உருவினால் பஞ்சு போல வந்துவிடும். உருவிய கையோடு விதைத்தேன், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. "புது விதை தூங்கும்டா, ஆறு மாசமாவது கிடக்கட்டும்" என்றார் அப்பாரு. அடுத்த வருடம் அந்தப் பழைய விதையையே ஈர மணலில் பிசைந்து தூவினேன், நன்றாக வந்தது. மணல் கலக்காவிட்டால் சுணை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஏக்கருக்கு 3 கிலோ போதும். ஆழமாகப் புதைக்க வேண்டாம், மேலாக மண் மூடினால் சரி. வடகிழக்கு மழையை ஒட்டி விதையுங்கள். கூடவே முயல் மசால் என்கிற பயறு வகைத் தீவன விதையும் கொஞ்சம் கலந்துவிடுங்கள், புல்லில் குறைகிற புரதத்தை அது ஈடுகட்டும்.

அப்புறம், மேய்ச்சல். இதில்தான் பலர் காட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் இரண்டு வருடம் குத்தகைக்கு விட்டு, செம்மறிகள் இடைவிடாமல் மேய்ந்து தூரையே கடித்து எடுத்துவிட்டன. அந்த இடத்தில் பார்த்தீனியம் ஏறியது. திரும்பப் புல் பிடிக்க மூன்று மழைக்காலம் படலைச் சாத்தி வைக்க வேண்டியிருந்தது.

அதனால் முதல் வருடம் மாட்டை உள்ளே விடவே விடாதீர்கள், அறுத்துப் போடுங்கள். பூ வரும் சமயத்தில், விதைத்து எழுபது எழுபத்தைந்து நாளில், முதல் அறுப்பு வந்துவிடும். தரையோடு ஒட்ட அறுக்காமல் நாலு விரல் விட்டு அறுங்கள். அடுத்த வருடம் காட்டை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய விடுங்கள். தடுப்புக்குக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டால் கம்பி வேலிச் செலவும் மிச்சம்.