என்எஃப்எஸ் சர்வரை (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சர்வர்) இப்போது யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒன்று: சர்வரோடு இணைந்த கணினிகள் என்று ஷோமவுண்ட் (showmount) கட்டளை காட்டும் பட்டியலை நம்பாதீர்கள். நான் நம்பிப் பட்டிருக்கிறேன்.

காட்பாடியில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் லினக்ஸ், புத்தகக் கோப்புகள் முழுக்க ஒரே சர்வரில், என்எஃப்எஸ் வழியாக. ஒரு சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்துவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் சர்வரை அணைக்க வேண்டும். ஷோமவுண்ட் போட்டுப் பார்த்தேன். காயலான் கடைக்குப் போய் இரண்டு வருஷமான கணினியின் பெயர்கூட அதில் இருந்தது. மற்றவற்றை நேரில் போய்ப் பார்த்தேன், எல்லாம் அணைந்திருந்தன. சரி என்று சர்வரை நிறுத்திவிட்டேன்.

"ஏம்பா, ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு?" என்று மாடியிலிருந்து குரல். கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று 7 மணிக்கே வந்து சமன்பாடு அடித்துக்கொண்டிருந்த அக்கா. சர்வரின் கோப்பகத்தைக் கணினியோடு இணைப்பதுதான் மவுண்ட்; அவருடையது ஹார்டு மவுண்ட் என்பதால் சர்வர் திரும்பி வரும்வரை கணினி காத்திருக்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைச் சொல்ல நான் மாடி ஏறுவதற்குள் அவர் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வேலை போச்சு.

காரணம் இதுதான். ஷோமவுண்ட் படிப்பது ஆர்எம்டேப் என்ற கோப்பை. மவுண்ட் செய்தவர் முறையாக அன்மவுண்ட் செய்யாமல் போனால் அவர் பெயர் அதிலேயே தங்கிவிடும். என்எஃப்எஸ் பதிப்பு 4-இல் மவுண்ட் செய்பவர்களோ அந்த வழிக்கே வருவதில்லை, அதனால் அவர்கள் பெயர் ஏறாது. அக்காவின் கணினி பதிப்பு 4.

பதிப்பு 4-க்குச் சரியான இடம் ப்ராக் கோப்பகத்துக்குள் எஃப்எஸ், அதற்குள் என்எஃப்எஸ்டி, அதற்குள் கிளையண்ட்ஸ் (/proc/fs/nfsd/clients). லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.3 முதல் இருக்கிறது. ஒவ்வொரு கிளையண்டுக்கும், அதாவது இணைந்த கணினிக்கும், ஒரு எண்ணிட்ட கோப்பகம். இன்ஃபோ கோப்பில் முகவரியும் பெயரும். ஸ்டேட்ஸ் கோப்பில் அவர் திறந்து வைத்திருக்கும் கோப்புகள். மவுண்ட் செய்துவிட்டுச் சும்மா இருப்பவர் யார், வேலை செய்பவர் யார் என்பது இந்த ஸ்டேட்ஸில்தான் தெரியும். nfsdclnts என்ற கருவி இதையே அட்டவணையாகத் தரும்.

பதிப்பு 3 கொஞ்சம் தொல்லை. யார் எதைத் திறந்திருக்கிறார் என்று சர்வர் நினைவில் வைப்பதே இல்லை. எஸ்எஸ் (ss) கட்டளையில் என்எஃப்எஸ்ஸின் 2049 போர்ட் இணைப்புகளைப் பார்க்கலாம். ஆனால் லினக்ஸ் கிளையண்ட் சுமார் 5 நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பைத் தானே மூடிவிடும், ஆகவே ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பைக் (tcpdump) கால் மணி நேரம் ஓடவிடுங்கள். விண்டோஸ்காரர்கள் சாம்பா (விண்டோஸ் முறையில் கோப்பு பகிரும் மென்பொருள்) வழியாக வந்தால் எஸ்எம்பிஸ்டேட்டஸ் (smbstatus) போதும், திறந்த கோப்புகளோடு சொல்லிவிடும்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை ஷட்டவுன் என்றால் ஸ்டேட்ஸைப் பார்த்துவிட்டு மாடிக்கும் ஒரு போன் போட்டுவிடுகிறேன். "சேவ் பண்ணிட்டேன்பா, அணைச்சுக்கோ" என்று கேட்ட பிறகுதான் கை வைப்பது.