தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரில் 65 இஞ்ச் டிவியை மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் திருகைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகுவதற்கு டிவியோடு வரும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பி மாட்டாதீர்கள்.

கும்பகோணத்தில் எங்கள் அம்மா வீடும் அப்படிப்பட்ட பழைய வீடுதான்: செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒன்றேகால் அடிச் சுவர். டிவி வாங்கிய அன்றே மாட்ட வந்தவர், கான்கிரீட் சுவருக்குப் போடுவது போல அடித்து அடித்துத் துளைக்கும் ஹேமர் டிரில்லைப் போட்டார். நான்கு துளையில் இரண்டில் பிளக் பிடிக்காமல் திருகோடு சேர்ந்தே சுற்றியது. ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, டிவியைத் தூக்கும் முன்பே நிறுத்திவிட்டோம்.

அப்புறம் வந்த கொத்தனார் கீழே கிடந்த தூளைத்தான் முதலில் பார்த்தார். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெள்ளையாக, மணலாக உதிர்ந்தால் காரை. பூச்சே ஒன்றரை இஞ்ச் இருந்தது, அதனால் இரண்டு இஞ்ச் திருகில் முக்கால்வாசி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. செங்கலும் இந்தக் காலத்துக் கல் போலக் கனமில்லை, பட்டையான சின்னக் கல். எங்கே துளைத்தாலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள காரை இணைப்பு குறுக்கே வரும். டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு, 4 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். உங்கள் சுவர் என்ன ரகம் என்பது தெரிந்துவிடும். மண் சுவராக இருந்தால் இந்த யோசனையே வேண்டாம், தரையில் நிற்கும் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது இதுதான். ஒன்றரை இஞ்ச் தேக்குப் பலகையைச் சுவரில் வைத்து, 10 மி.மீ. திரெட் ராடு (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) நான்கை மறுபக்க அறை வரை விட்டோம். அந்தப் பக்கம் இரும்புப் பட்டை, வாஷர், நட். பீரோவுக்குப் பின்னால் என்பதால் கண்ணில் படாது. பிராக்கெட்டைப் பலகையில் திருகினோம். நட்டை ஓர் அளவோடு முறுக்க வேண்டும், சுண்ணாம்புச் சுவரை நெரித்தால் கல் நொறுங்கும். மறுபக்கம் போக வழியில்லை என்றால், சல்லடைக் குழாயோடு வரும் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பிசின் விட்டுக் கம்பியை ஒட்டவைப்பது) போடலாம். துளைக்குள் தூசி துளியும் இருக்கக் கூடாது, பிசின் இறுக டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுதும் காத்திருக்க வேண்டும். பெயர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். அது சுண்ணாம்போடு சேர்ந்து அசையாது, ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். சுண்ணாம்புக் கலவையே போதும்.

இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட்டைப் பழைய சுவருக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவி 25 கிலோ, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். டிவி சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருந்தால் மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை ஏழரை கிலோ. கையை 50 செ.மீ. இழுத்துவிட்டால் அதுவே 62 கிலோவைத் தாண்டும். குழந்தை பிடித்துத் தொங்கினால் கேட்கவே வேண்டாம். சுவரோடு ஒட்டி நிற்கும் சாதா பிராக்கெட்தான் நல்லது. டிவியின் பின்பக்கத் துளை அளவை (400க்கு 300, 400க்கு 400 மி.மீ. என்று போட்டிருக்கும்) பார்த்து வாங்குங்கள்.

குளியலறையை ஒட்டிய சுவரையும், உப்புப் பூத்துப் பொரியும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே டிரில் வேண்டாம், வயர் அந்த வழியாகத்தான் ஏறும். வயரை மறைக்கச் சுவரில் காடி வெட்டாமல், மேலேயே கேசிங் பட்டி ஒட்டுங்கள். பழைய வயரிங் என்றால் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை, அங்கே உட்காருபவர்களை வைத்து முடிவு செய்யுங்கள். எங்கள் கூடத்தில் பாதிப் பேர் தரையில்தான் உட்காருவோம், கண் மட்டம் இரண்டரை அடிதான் வரும். நாற்காலி என்றால் மூன்றரை அடி. முதலில் மாட்ட வந்தவர் கேட்காமல் ஐந்தடியில் குறி போட்டிருந்தார், அம்மாவுக்குக் கழுத்து வலி ஏற்கெனவே உண்டு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். டிவியை மாட்டும் முன், 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைக் கயிறு கட்டி பிராக்கெட்டில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். பலகையின் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு போட்டுவைத்துக் காலையில் பாருங்கள். எங்களுடையது ஒரு நூல் கூட இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் டிவியைத் தூக்கினோம்.