அந்த 132 பேருக்கு அப்புறம்

கேள்வி: முதல் உலகப்போர்ல 132 ஜெர்மன்காரங்களைப் பிடிச்ச அமெரிக்க சார்ஜெண்ட் ஆல்வின் யார்க் பத்தி எங்க தேடினாலும் அந்த ஒரு சண்டையத்தான் சொல்றாங்க. அதுக்கப்புறம் மனுஷன் என்ன செஞ்சார், எப்படி வாழ்ந்தார்?

பதில்: அந்தச் சண்டை 1918 அக்டோபர் 8ம் தேதி, பிரான்ஸ்ல ஆர்கான் காட்டுப் பக்கம், சில மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. அப்ப அவருக்கு வயசு 30. செத்தது 1964 செப்டம்பர்ல, 76 வயசுல. நடுவுல இருக்கற அந்த நாப்பத்தி அஞ்சு வருஷத்துக்கு மேலதான் எனக்குப் பெரிசா தெரியுது, அதை யாரும் சரியா சொல்றதே இல்லைங்கறது எனக்கும் ரொம்ப நாள் ஆதங்கம்.

1919 மே மாசம் நியூயார்க்ல வந்து எறங்கினப்ப ஊரே திரண்டு வரவேற்குது, விளம்பரத்துல நடிங்க, மேடையில வந்து நில்லுங்க, சினிமா எடுக்கலாம்னு ஆளாளுக்குப் பணத்தோட வந்து நிக்கறாங்க, இவரோ இந்த யூனிஃபார்ம் விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லிட்டு டென்னசி மலைக்குள்ள இருக்கற பால் மால் கிராமத்துக்கே கிளம்பிட்டார். இத்தனைக்கும் வீட்ல வசதி கிடையாது. கொல்லுப்பட்டறையும் விவசாயமுமா இருந்த குடும்பம், பதினோரு பிள்ளைகள்ல இவர் மூணாவது, அப்பாவும் 1911லயே போயிட்டார். போய்ச் சேர்ந்த கையோட ஜூன் 7ம் தேதி தனக்காகக் காத்திருந்த கிரேசி வில்லியம்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், மாநில கவர்னரே வந்து நடத்தி வச்சார்.

அப்புறம் பள்ளிக்கூடம். இவர் படிச்சது எல்லாம் சேர்த்துப் பாத்தா ஒரு வருஷம்கூட முழுசா தேறாது. போருக்குப் போய் வெளி உலகத்தைப் பாத்ததும் நம்ம மலைப் பிள்ளைங்களுக்கு ரோடும் இல்ல படிப்பும் இல்லையேன்னு மனசுல தச்சிருச்சு. ஊருக்கு ரோடு போடச் சொல்லி அரசாங்கத்தை நச்சரிச்சார். ஊர் ஊரா போய்ப் பேசினார், சண்டைக் கதை கேக்க வந்த கூட்டத்துக்கிட்ட பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கேட்டார். 1926ல ஜேம்ஸ்டவுன்ல யார்க் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாச்சு, ஆனா எங்க கட்டறது யார் நிர்வாகம் பண்றதுன்னு உள்ளூர் அரசியல்வாதிங்களோட ஓயாத மல்லுக்கட்டு, கையில காசு தீர்ந்தப்ப டீச்சர் சம்பளத்துக்கும் பிள்ளைங்க வர்ற பஸ்ஸுக்கும் தன்னோட பண்ணையை அடமானம் வச்சார். அந்தப் பண்ணையே ஒரு கிளப்காரங்க பரிசா தர்றோம்னு சொல்லிப் பாதிப் பணம் கட்டாம விட்டு, அந்தக் கடன்ல இவர் மாட்டி ஒருவழியா மீண்டு வந்த நிலம். அதைத் தூக்கி வைக்கறதுக்கு எவ்வளவு மனசு வேணும் பாருங்க. 1936ல அவர் தலைவர் பொறுப்புலேருந்து விலகினார், அடுத்த வருஷம் மாநில அரசே பள்ளிக்கூடத்தை எடுத்துக்கிச்சு.

கேள்வி: அவர் பக்தியான ஆளாமே, கொலை செய்யாதேன்னு பைபிள்ல இருக்கும்போது துப்பாக்கி எப்படித் தூக்கினார்?

பதில்: ஆரம்பத்துல அவர் பக்தியான ஆள் எல்லாம் இல்ல. குடி, சூதாட்டம், அடிதடின்னு திரிஞ்சவர், கூட்டாளி ஒருத்தன் குடிக்கற எடத்துல நடந்த தகராறுல செத்துப் போறான், அம்மா அழுது கெஞ்சறாங்க, 1914 கடைசியில நடந்த எழுப்புதல் கூட்டத்துக்குப் (பக்தியைத் தூண்டற பிரசங்கக் கூட்டம்) போய் மனம் திரும்பி, 1915 புத்தாண்டுலேருந்து வேற ஆளாயிட்டார். சபையில பாட்டு நடத்தறது, சண்டே ஸ்கூல் எடுக்கறதுன்னு எறங்கிட்டார். 1917ல ராணுவத்துக்குப் பேர் பதியச் சொன்னப்ப விலக்கு வேணுமான்னு கேட்ட எடத்துல, ஆமா, சண்டை போட விருப்பமில்லைன்னு எழுதினார். அவங்க சபை அங்கீகாரம் பெற்ற சபை இல்லைன்னு சொல்லி அதைத் தள்ளிட்டாங்க.

அப்புறம் ராணுவ முகாம்ல நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச எடம். மேலதிகாரிங்க மேஜர் பக்ஸ்டனும் கேப்டன் டான்ஃபோர்த்தும் இவரைக் கோழைன்னு திட்டி அனுப்பல, ராத்திரி உக்காந்து வசனத்துக்கு வசனம் பேசினாங்க. இவர் கொலை செய்யாதிருப்பாயாகன்னு சொன்னா அவங்க பைபிள்லயே எசேக்கியேல் 33ம் அதிகாரத்தை எடுக்கறாங்க, பட்டயம், அதாவது எதிரியோட வாள், வர்றதைப் பாத்தும் எக்காளம் ஊதாத காவற்காரன்கிட்ட ஜனங்களோட ரத்தப்பழி கேக்கப்படும்னு வர்ற பகுதி. யோசிச்சுட்டு வான்னு பத்து நாள் லீவும் குடுத்தாங்க. மலை மேல போய் ராத்திரி பகலா ஜெபம் பண்ணிட்டு இறங்கி வந்தார், போகலாம்னு மனசு சொல்லிருச்சு. பின்னாடி மகன் ஒருத்தனுக்கு ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன்னே அந்த மேஜர் பேரை வச்சார்னா அந்தப் பேச்சு எவ்வளவு ஆழமா எறங்கியிருக்கும்.

சண்டையிலயும் அவர் தனியா இல்லைங்கறதை மறக்கக்கூடாது. போனது 17 பேர், அதுல 6 பேர் அங்கயே செத்துட்டாங்க, 3 பேருக்குக் காயம். மேலதிகாரி விழுந்ததும் இவர் முன்னாடி நின்னார். எதிரிங்க சரணடையற வரைக்கும் சுட்டார், சரணடைஞ்ச உடனே நிறுத்திட்டார்.

கேள்வி: கடைசி காலத்துல வரி பாக்கியில மாட்டினார்னு படிச்சேன். காசு சேத்து வச்சிருந்தாரா?

பதில்: சேத்து வைக்கல, அதுதான் வருத்தமே. ரொம்ப வருஷமா சினிமாவுக்கு வேண்டாம் வேண்டாம்னு சொன்னவர் கடைசியில சரின்னது ஊர்ல ஒரு பைபிள் ஸ்கூல் கட்டணும்கற ஆசையிலதான். படம் 1941ல வந்துச்சு, அவரா நடிச்ச காரி கூப்பருக்கு ஆஸ்கர் கிடைச்சது, பணமும் வந்துச்சு, பைபிள் ஸ்கூலையும் கட்டினார். வரிக்கணக்கு மட்டும் சரியா போகல. 1951ல ஆரம்பிச்ச வழக்கு வட்டியோட ஏறி ஏறி 1,72,000 டாலர் வரைக்கும் போச்சு. 1954ல பக்கவாதம் வந்து நடக்க முடியாம போயிருச்சு, கிரேசியும் பிள்ளைங்களும்தான் பாத்துக்கிட்டாங்க. 1961ல 25,000 டாலர் கட்டினா போதும்னு முடிச்சாங்க, நாடாளுமன்ற சபாநாயகர் சாம் ரேபர்ன் முன்ன நின்னு ஜனங்ககிட்ட வசூல் பண்ணிக் கட்டினார். நாட்டுக்காகச் சண்டை போட்டவரைப் படுக்கையில விழுந்த பிறகும் விடாம, பத்து வருஷம் இழுத்திருக்க வேண்டாம், இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

கேள்வி: இப்ப அங்க போனா பாக்க என்ன இருக்கு?

பதில்: பால் மால்ல அவர் வீடும், ஆத்தங்கரையில அவர் நடத்தின மாவு மில்லும் மாநிலப் பூங்காவுல பத்திரமா இருக்கு. அவரை அடக்கம் பண்ணின கல்லறைத் தோட்டமும் அதே ஊர்தான். ஜேம்ஸ்டவுன்ல யார்க் இன்ஸ்டிட்யூட் இன்னைக்கும் ஹைஸ்கூலா நடக்குது, நீங்க போறது வேலை நாளா இருந்தா வகுப்பு நடந்துட்டு இருக்கும்.